இளைத்த பிறகு: எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒரு துணைக் குறிப்பு

தமிழில் ‘இளைத்துவிட்டாய்’ என்பது பாராட்டு அன்று, துக்க விசாரிப்பு. கோலாலம்பூரின் செந்தூலில் என் பக்கத்து வீட்டு அம்மா ஆறு மாதம் என்னை வாசலில் நிறுத்தி, “என்னம்மா இப்படி இளைத்துப் போய்விட்டாய், இனிப்பு நீரா?” என்று, நீரிழிவோ என்ற சந்தேகத்தில், கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்திலோ தோழிகள் கைதட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் சிரித்துவிட்டு, இரவில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுவேன். எதற்கு அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரைப்பை பைபாஸ் நடந்தது. எத்தனை கிலோ குறைந்தது என்பதை இந்தக் கட்டுரையில் எங்கும் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும். என்ன சாப்பிடுவது, ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம், எந்த வைட்டமினை ஆயுளுக்கும் விடக் கூடாது என்றெல்லாம் கையில் தாள் கொடுத்து அனுப்பினார்கள். மனத்தைப் பற்றி அந்தத் தாளில் இரண்டு வரிதான் இருந்தது. அந்த இரண்டு வரியைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல; இந்த வழியில் உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தவள்.

1. அறுவைக்கு முன்பே இரண்டு பேரைப் பிடித்துவையுங்கள்

ஒருவர் வீட்டுக்குள் இருப்பவர். இன்னொருவர் இதே அறுவையைச் செய்துகொண்டு ஓராண்டாவது கடந்தவர்.

வீட்டில் இருப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஸ்லீவ் என்ற வகை அறுவை என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான் மிஞ்சும். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்முனையில் ஒரு முட்டை அளவுக்குச் சின்னப் பை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். இதைப் புரிந்துகொண்டவர்தான் “இன்னும் ஒரே ஒரு வாய்” என்று வற்புறுத்தாமல் இருப்பார். படம் வரைந்து காட்டுங்கள். ஆனால் பெரியவர்களிடம் ‘பைபாஸ்’ என்று மட்டும் மொட்டையாகச் சொல்லிவிடாதீர்கள். என் சின்னம்மா என் இதயத்துக்கு என்னவோ என்று பதறி, விபூதிப் பொட்டலத்தோடு ஈப்போவிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

மற்றவர்களுக்கு எவ்வளவு சொல்வது என்பதையும் முன்னதாகவே முடிவு செய்யுங்கள். “வயிற்றில் ஓர் ஆபரேஷன்” என்பது பொய் இல்லை. மீதியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது. ‘குறுக்கு வழி’ என்ற சொல் கட்டாயம் உங்கள் காதில் விழும். அதைச் சொல்பவரோடு வாதாட வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். பாதி நாட்டுக்கு இருக்கும் பிரச்சினையை நம் ஒருவருடைய வாயின் குற்றமாக்கிப் பேசுவது எளிது, அவ்வளவுதான்.

அறுவைக்கு முன் உளவியல் நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள். அதைத் தேற வேண்டிய பரீட்சையாக எண்ணி நான் பொய் சொன்னேன். நடு இரவில் எழுந்து குளிர்சாதனப் பெட்டியின் வெளிச்சத்தில் நின்று சாப்பிடும் பழக்கத்தை மறைத்துவிட்டேன். அறுவைக்குப் பிறகும் அதே மணிக்கு விழிப்பு வந்தது. எழுந்து போய் என்ன செய்வதென்று தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்பே சொல்லியிருந்தால் அதற்கு வழி சொல்லியிருப்பார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் மறைக்க வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு சில மாத்திரைகள், முக்கியமாக மெதுவாகக் கரையும் வகை, உடம்பில் முன்போல் சேராமல் போகலாம். அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. நான்காம் நாளுக்குத் தயாராக இருங்கள்

எனக்கு அது நான்காம் நாள். உங்களுக்கு இரண்டாம் நாளாகவோ பத்தாம் நாளாகவோ இருக்கலாம். மருந்து குடிக்கும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் 30 மில்லி, காரமில்லாமல் வடிகட்டிய ரசம். அதைக் குடித்து முடிக்கக் கால் மணி நேரம். மேல் மாடியில் யாரோ நெத்திலி வறுக்கிறார்கள். என் வீட்டுக்காரர், பாவம், என் கண்முன் சாப்பிடக் கூடாதென்று அடுப்படியில் நின்றபடியே சோற்றை விழுங்குகிறார். குழம்புக் கரண்டி சட்டியில் படும் சத்தம் மட்டும் கேட்கிறது. ‘நடமாடிக்கொண்டிருந்த உடம்பை ஏன் இப்படி வெட்டிக்கொண்டேன்?’ இரண்டு நாள் அந்த ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

இது நம்மில் பலருக்கு வந்து போவது. வலி, தூக்கக் குறைவு, உடம்புக்குள் போகும் உணவு ஒரேயடியாகச் சுருங்கியது, இதுவரை அழுகை வந்தபோதெல்லாம் கைகொடுத்த சாப்பாடு பறிபோனது, எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. அப்போது அந்த இரண்டாம் ஆளுக்குப் போன் செய்யுங்கள். நான் செய்தேன். ஆறுதல் வசனம் எதுவும் அவர் பேசவில்லை. “நானும் இப்படித்தான் கிடந்தேன். காலையிலிருந்து எத்தனை மடக்குத் தண்ணீர் குடித்தாய்?” என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன். “சரி, மாலை ஆறு மணிக்குள் இன்னும் இருபது மடக்கு. குடித்துவிட்டுக் கூப்பிடு.” ஆறு மணி வரை பிடித்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது.

ஆனால் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். காய்ச்சல், ஓய்ந்து படுத்தும் அடங்காத நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி ஆகியவை பயத்தால் வந்தவை என்று வீட்டில் யார் சொன்னாலும் கேட்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தையலில் கசிவு இருக்கலாம். நாள்கணக்கில் நிற்காத வாந்தியோடு குழப்பமும் நடைத் தள்ளாட்டமும் சேர்ந்தால் அது பி1 வைட்டமின் குறைவாக இருக்கலாம். அதுவும் தள்ளிப்போடக் கூடாதது. மாதங்கள் கழித்து வரும் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் இரும்புச்சத்தும் பி12-உம் குறைந்தது காரணமாக இருப்பதுண்டு. எங்கள் குழுவில் ஒருவர் ஓராண்டாகத் தன்னைச் சோம்பேறி என்று தானே திட்டிக்கொண்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டத்தில் கிடந்தது. பாவம், வீணாகத் திட்டு வாங்கியவரும் அவரே.

சோகமோ எதிலும் பிடிப்பின்மையோ நாளின் பெரும்பகுதியில், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

3. ஒரு நோட்டுப் புத்தகம், மூன்று கட்டங்கள்

அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் வயிற்றுப் பசி பலருக்குக் காணாமல் போய்விடும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியிலிருந்துதான் வருகிறது. ஸ்லீவ் அறுவையில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. ஆனால் தலைப்பசி போகாது. வயிற்றுப் பசி மெல்ல ஏறும். எது கிடைத்தாலும் அடங்கும். தலைப்பசி திடீரென்று வரும், ஒரு குறிப்பிட்ட பொருளின் பேரைச் சொல்லிக் கேட்கும். எனக்கு அது மாலை நான்கு மணிக்கு, கறிபாப் (மசாலா வைத்துப் பொரித்த பலகாரம்) என்று பேர் சொல்லி வந்தது.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: மணி, இடம், அதற்குச் சற்று முன் நடந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்பதை இந்த நோட்டில் எழுத வேண்டாம். அது உணவியல் நிபுணருக்கான கணக்கு. மூன்று வாரம் எழுதிய பிறகு நான் ஒருநாள் புரட்டிப் பார்த்தேன். நான்கு மணிக் கறிபாப் பதினோரு தடவை வந்திருந்தது. அதில் ஒன்பது தடவை, என் மேலதிகாரி மூன்றரைக்கு என்னை அறைக்குள் கூப்பிட்டிருக்கிறார். கறிபாப்புக்கும் வயிற்றுக்கும் அங்கே ஒரு சம்பந்தமும் இல்லை.

தெரிந்தால் மட்டும் போய்விடாது. அந்தப் பத்து நிமிடத்தில் கைக்கும் காலுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். நான் படிக்கட்டில் இரண்டு மாடி இறங்கி ஏறுவேன். குழுவில் இன்னொருவர் பூத்தொடுப்பார். விரல் ஈரமாக இருந்தால் தின்பண்டம் எடுக்க முடியாது என்கிறார். மாதங்கள் செல்லச் செல்ல உண்மையான பசியும் கொஞ்சம் திரும்பும். அறுவை தோற்றுவிட்டது என்று அன்று கலங்க வேண்டாம். அது எதிர்பார்த்த ஒன்றுதான்.

4. பந்தியில் உட்காரப் பழகுங்கள்

நம் வீடுகளில் அன்பு தட்டு வழியாகத்தான் வரும். அதனால் தட்டைத் தள்ளினால் அன்பைத் தள்ளியதாக எடுத்துக்கொள்கிறார்கள். “வேண்டாம்” என்ற சொல் நம்மவர்களிடம் எடுபடாது. அதை மரியாதை என்று நினைத்து இன்னும் இரண்டு கரண்டி வைப்பார்கள். “டாக்டர் சொல்லியிருக்கிறார்” என்பது எடுபடும். வெட்கப்படாமல் டாக்டரின் பேரைப் பயன்படுத்துங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூட்டாளிகள் அழைத்தால் போங்கள். முழு இலை போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, மீன் ஒரு துண்டும் தயிரும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இனிப்புப் பால் தேநீரான தே தாரிக் இருந்த இடத்துக்கு, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் வரட்டும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து எதையும் குடிக்காதீர்கள், அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் செய்த தப்பு, முதல் ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் போகாமல் வீட்டில் ஒளிந்துகொண்டது. சாப்பாட்டைத்தான் குறைக்கச் சொன்னார்கள். நான் மனிதர்களையும் சேர்த்துக் குறைத்துவிட்டேன்.

அடுத்த தப்பு நேர் எதிர்ப்பக்கம். தங்கை மகளின் நிச்சயதார்த்தத்தில் கெஞ்சல் பொறுக்காமல் நான்கு கரண்டி கேசரி சாப்பிட்டேன். கால் மணி நேரத்தில் புடவை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்வை, நெஞ்சு திடுதிடுவென்றது, வயிறு முறுக்கியது. மணப்பெண் அறையில் தரையில் படுத்துவிட்டேன். சர்க்கரை குடலுக்குள் வேகமாகக் கொட்டுவதால் வருவது இது. டம்பிங் என்பார்கள், பைபாஸில் அதிகம். சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு வகை: இரத்தச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, காரணமில்லாமல் பயமும் கோபமும் வரும். அதை மனப்பதற்றம் என்று நினைத்து மாதக்கணக்கில் தவித்தவர்கள் இருக்கிறார்கள். அன்று என்ன சாப்பிட்டோம் என்று பின்னோக்கிப் பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் கையில் எப்போதும் ஒரு தட்டு இருக்கட்டும், அதில் ஒரே ஒரு முறுக்கு. தட்டு காலியாக இருப்பவரைத்தான் துரத்துவார்கள்.

5. கண்ணாடி, சீப்பு, பிளாஸ்டிக் நாற்காலி

உடம்பு ஓராண்டில் மாறிவிடும். மனத்துக்குள் இருக்கும் உடம்பு அத்தனை வேகத்தில் மாறாது. எல்ஆர்டி நிலையத்தில் டிக்கெட் கதவைத் தாண்டும்போது நான் இன்னமும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன். மாமாக் கடை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருமுன் அதன் பின்கால்களைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பையன், “அக்கா, நாற்காலி உடைந்திருக்கிறதா?” என்று கேட்டு வேறொன்று கொண்டுவந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்த பிறகு கண் கலங்கியது.

முடி கொட்டும். வழக்கமாக மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில். வேகமாக எடை இறங்கும் அதிர்ச்சிக்கு உடம்பு தரும் பதில் அது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரதத்தைச் சரியாகச் சாப்பிடுங்கள், இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், விளம்பரத் தைலங்களுக்குக் காசைக் கரைக்காதீர்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா, “எப்படியும் போகிறது, முருகனுக்காவது போகட்டும்” என்று பத்துமலையில் மொட்டை போட்டுவிட்டார். 272 படியும் ஏறினார். எல்லாருக்கும் அந்தத் துணிச்சல் வராது, எனக்கு வரவில்லை.

தொங்கும் தோலைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வேட்டி, புடவைக்குள் மறைந்துவிடும், படுக்கையறையில் மறையாது. கணவனோ மனைவியோ அதைப் பற்றி விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை வருடக்கணக்கில் நிற்கும். அந்த வார்த்தை வருமுன் நீங்களே பேச்சை எடுத்துவிடுங்கள். பெண்களுக்கு இன்னொன்று: எடை குறையத் தொடங்கியதும் ‘இனிக் குழந்தைதானே’ என்று உறவினர் ஆரம்பித்துவிடுவார்கள். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதுதான் மருத்துவ வழக்கம். இங்கேயும் டாக்டர் பேர் உதவும்.

6. குழுவை நீங்களே கட்டுங்கள்

உங்கள் மருத்துவமனையில் ஆதரவுக் குழு நடக்கிறதா என்று தாதியிடம் கேளுங்கள். நடந்தால் அங்கே போங்கள். எனக்கு மொழி இடித்தது. ஆங்கிலத்திலும் மலாயிலும் என் இரத்தச் சர்க்கரையைச் சொல்லிவிடுவேன். ‘வெறுப்பாக இருக்கிறது’ என்பதைத் தமிழில்தான் சொல்ல வந்தது. கிளினிக் காத்திருப்பு வரிசையில் கண்ட இரண்டு தமிழ் முகங்களோடு தொடங்கினோம். இப்போது ஏழு பேர்.

மூன்று பேர் போதும். எட்டுக்கு மேல் போனால் பேசாதவர் பேசாமலேயே போய்விடுவார். இடம் முக்கியம்: சாப்பாட்டுக் கடையில் கூடாதீர்கள். முதல் சந்திப்பை ஒரு மாமாக் கடையில் வைத்தோம். பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் வந்ததும் ஒருவர் பேச்சை நிறுத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தித்திவங்சா ஏரிப் பூங்காவில் மாதம் இரண்டு சனிக்கிழமை, காலை ஏழரை மணிக்கு. ஒரு சுற்று நடை, பிறகு நிழலில் ஒரு மணி நேரம். நடக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, கனமான விஷயங்களெல்லாம் நடையிலேயே வந்துவிடுகின்றன.

எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனஸ்தாபம் இருக்கிறது. கிலோவை யாரும் சொல்லக் கூடாது. ஒரே மாதம் அறுவை செய்துகொண்ட இருவரில் ஒருவர் தன் எண்ணைச் சொன்னார். மற்றவர் அடுத்த மூன்று சந்திப்புக்கு வரவில்லை. அதனால்தான் இங்கேயும் என் எண் இல்லை. மருந்து, மாத்திரை யோசனையும் கூடாது, “இதை டாக்டரிடம் கேட்டாயா?” என்பதோடு நிறுத்த வேண்டும். இங்கே கேட்டதை வீட்டில், கணவனிடம்கூட, சொல்லக் கூடாது. செந்தூல் பெரிய ஊர் இல்லை. முன்-பின் படங்களை வாட்ஸ்அப்பில் போட வேண்டுமானால் முதலில் கேட்க வேண்டும்.

ஒருவர் அழும்போது “தைரியமாக இரு” என்று சொல்லாதீர்கள். அது பேச்சை மூடுவதற்கான வார்த்தை. “நீயே கேட்டுச் செய்துகொண்டதுதானே” என்பதை வீட்டில் ஏற்கெனவே கேட்டுவிட்டுத்தான் வந்திருப்பார். “எப்போதிலிருந்து இப்படி?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள். தமிழர்களுக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

இரண்டு முறை தொடர்ந்து வராதவருக்கு ஒருவர் மட்டும் போன் செய்வார். குழு முழுக்க விசாரித்தால் அவர் இன்னும் ஒளிவார். யார் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே ஆளுக்கு ஆள் ஒதுக்கிவையுங்கள்; இல்லாவிட்டால் ‘அவர் கேட்டிருப்பார்’ என்று எல்லாரும் இருந்துவிடுவோம்.

7. இரண்டாம் ஆண்டு

முதலாண்டில் தராசும் உறவினர்களும் தினமும் நம்மைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். 12 முதல் 18 மாதத்துக்குள் எடை இறங்குவது அநேகமாக நின்றுவிடும். பிறகு கொஞ்சம் ஏறுவதும் வழக்கம். கைதட்டல் ஓய்ந்துவிடும். குழுவிலிருந்து ஆட்கள் காணாமல் போவது இப்போதுதான், வெட்கத்தால். எடை ஏறியவர்களுக்குத்தான் குழு அதிகம் தேவை என்பதைப் புதியவர்களிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டிடமிருந்து பிடுங்கிய கை வேறெதையாவது பிடித்துக்கொள்ளும். ஒருவருக்கு நான்கு நம்பர் லாட்டரி, ஒருவருக்கு நகைக்கடைச் சீட்டு. ஆபத்தானது மது. பைபாஸுக்குப் பிறகு அது இரத்தத்தில் வேகமாக ஏறும். முன்பு மூன்று குவளையில் வந்த போதை ஒன்றிலேயே வரும். இந்த அறுவைக்குப் பின் மதுப் பிரச்சினை கூடுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன, அதிலும் இரண்டாம் ஆண்டில். அறுவைக்கு முன் குடிக்கும் பழக்கமே இல்லாதவரும் இதில் விழலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் அறுவை செய்துகொண்டவர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. இதை எழுதக் கை தயங்குகிறது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை.

குழுவில் ஒருவர் “நான் இல்லாமல் போனால் நல்லது” என்ற பொருளில் பேசினால், நேராகவே கேளுங்கள்: “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் சேவையின் எண் 15555.

இரண்டு எண்களையும் இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள். தேவைப்படும் இரவில் தேடத் தோன்றாது. வீட்டில் யாராவது போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் பேரை மாற்றிக்கொள்ளலாம். என் போனில் ஓர் எண் ‘தையற்கடை’ என்று இருக்கிறது. ஒரே ஆண்டில் ஆறு தடவை ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தவள் ஆயிற்றே, யாரும் சந்தேகப்படவில்லை.